பேட்டரியை மாற்றும் முன் மூன்று முறை அளந்து பாருங்கள்

காலை மணி 6.15. பள்ளிக்குக் கிளம்பிவிட்டீர்கள். அப்பா மோட்டார் சைக்கிளின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். 'டிக், டிக்' என்ற ஓசை மட்டும் வருகிறது. "பேட்டரி போய்விட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்" என்று வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். அது சரியான தீர்ப்புதானா?

நானும் ஒருமுறை அப்படித்தான் முடிவு செய்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் என் பழைய கப்சாய் கிளம்ப மறுத்தது. கையிலிருந்த பணத்தில் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினேன். மூன்றே வாரத்தில் மீண்டும் அதே 'டிக், டிக்'. பட்டறைக்காரர் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரி மேல தப்பு இல்ல தம்பி. அதுக்குச் சாப்பாடே போகல!" பழுதாகியிருந்தது பேட்டரி அல்ல, அதற்கு மின்னேற்றும் ரெக்டிஃபையர்.

பேட்டரியின் உள்ளே

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இருப்பது ஈய அமிலப் பேட்டரி. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய வகை இது. உள்ளே 6 மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட்.

ஒரு தகடு ஈயம். மற்றது ஈய டைஆக்சைடு. இடையில் கந்தக அமிலக் கரைசல். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. வண்டியைப் பல வாரம் சும்மா நிறுத்தி வைத்தால், படிந்த சல்பேட் கெட்டியான படிகமாகி, எளிதில் திரும்பாது. நம் நாட்டு வெயிலும் ஒரு காரணம். வெப்பம் கூடினால் வேதிவினையின் வேகமும் கூடும் அல்லவா? தகடுகளின் அரிப்பும் அப்படியே விரைவாகிறது.

முதலில் கண்ணால் பாருங்கள். பேட்டரி முனைகள் தளர்ந்திருக்கின்றனவா? வெள்ளை அல்லது பச்சைத் தூள் படிந்திருக்கிறதா? ஃபியூஸ் எரிந்துவிட்டதா? இவற்றைச் சரிசெய்தாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

மூன்று அளவுகள்

மல்டிமீட்டரை நேர்மின்னோட்டம் 20 வோல்ட் நிலையில் வையுங்கள். சிவப்பு முனை நேர்முனையில், கறுப்பு முனை எதிர்முனையில்.

முதல் அளவு, ஓய்வில். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் முழு மின்னேற்றம். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.0 அல்லது அதற்கும் கீழ் என்றால் ஏறக்குறைய காலி. மின்னேற்றிவிட்டு அடுத்த சோதனைக்குப் போங்கள்.

இரண்டாம் அளவு, பொத்தானை அழுத்தும்போது. ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் ஏமாற்றலாம். காரணம், படிவம் 5 இயற்பியலில் வரும் அக மின்தடை. ஸ்டார்ட்டர் 50 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியின் அக மின்தடை 0.02 ஓம் என்றால், உள்ளே இழப்பது 1 வோல்ட், மீட்டர் 11.6 காட்டும். பழையதில் அது 0.08 ஓம் என்றால், இழப்பு 4 வோல்ட், 8.6 மட்டுமே மிஞ்சும். முழுதாக மின்னேற்றிய பிறகும் 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால், பேட்டரி மீது பலத்த சந்தேகம் கொள்ளலாம்.

மூன்றாம் அளவு, இயந்திரம் ஓடும்போது. நான் செய்யத் தவறியது இதுதான். திறந்தவெளியில், கியரை நியூட்ரலில் வைத்து, பெரியவர் ஒருவர் மெதுவாக முறுக்கட்டும். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் மின்னேற்றம் சரி. 12 வோல்ட் அளவிலேயே நின்றால் பேட்டரிக்கு உணவு போகவில்லை. 15ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிப் போகிறது. இவ்விரண்டிலும், பேட்டரியை மட்டும் மாற்றினால் பணம் வீண்தான்.

மாற்றும் முறை

பேட்டரிதான் பழுது என்று உறுதியானதா? அதே வோல்ட், அதே ஆம்பியர்-மணி, அதே அளவுள்ள புதியதை வாங்குங்கள். சாவியை அணைத்துவிட்டு, எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். வண்டியின் இரும்புச் சட்டம் எதிர்முனையோடு இணைந்துள்ளது. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் சட்டத்தில் பட்டுவிட்டால், குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் பொறி ஆபத்தானது. மாட்டும்போது வரிசை தலைகீழ்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலோ சாக்கடையிலோ போடாதீர்கள். ஈயம் நச்சு, சிறுவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மலேசியச் சட்டப்படி அது அட்டவணைக் கழிவு. பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளிருக்கும் ஈயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த முடியும்.

வண்டி ஓட்ட உங்களுக்கு இன்னும் உரிமம் கிடைத்திருக்காது. அளப்பதற்கு உரிமம் தேவையில்லையே! இந்த வார இறுதியில் அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு மூன்று அளவுகளையும் எடுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறை 'டிக், டிக்' என்று கேட்கும்போது, அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.