முதலில் கடைசித் தூண்

கொல்லைப்புற வேலியில் ஒரே ஒரு தூண் இம்மியளவு பிசகியிருந்தாலும் வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். கண்ணின் திறன் அப்படி. 10 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய, இடையே சுமார் 3 மி.மீ. வேண்டும். ஆனால் அதே தூரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு கோடுகள் அரை மி.மீ. விலகினாலே, நல்ல வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுகிறோம். விழித்திரையில் ஒளியை உணரும் செல்களுக்கு இடையிலுள்ள தூரத்தைவிட நுட்பமான அளவு இது. பல செல்கள் அனுப்பும் சேதிகளை மூளை சேர்த்துப் பார்ப்பதால் கைகூடுகிறது. பிளஸ் ஒன் ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவியில் எந்தக் கோடு எதனோடு பொருந்துகிறது என்று பார்த்தபோது கைகொடுத்ததும் இதே திறன்தான்.

இவ்வளவு கூர்மையான கண் இருக்கையில், முந்தின தூண்களைப் பார்த்துப் பார்த்தே நட்டுக்கொண்டு போகலாமே? போகலாம், வேலி வளைந்துவிடும். 30 மீட்டர் நீளத்துக்கு, 3 மீட்டருக்கு ஒன்றாக 11 தூண்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டின் நேருக்கு மூன்றாவது, இரண்டாவது மூன்றாவதின் நேருக்கு நான்காவது என்று நடுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக 1 செ.மீ. தவறினால், மூன்றாவது தூண் 1 செ.மீ., நான்காவது 3, ஐந்தாவது 6 என்று விலகல் ஏறி, 11-ஆவது தூண் 45 செ.மீ. தள்ளி நிற்கும். எல்லைத் தகராறுக்கு அது போதும்.

அதனால்தான் விவரமானவர்கள் முதலில் இரு கோடித் தூண்களையும் நட்டு, நடுவே நூல் கட்டுகிறார்கள். இனி ஆறாவது தூண் 1 செ.மீ. பிசகினால் அந்தப் பிசகு அதோடு போயிற்று. ஒரே நிபந்தனை, எந்தத் தூணும் நூலைத் தொடக் கூடாது. ஒன்று தள்ளினாலும் அடுத்தடுத்த தூண்கள் தள்ளிய நூலுக்கே நேராகும். ஆகவே இரு கோடியிலும் ஒரே கனமுள்ள மரத்துண்டை வைத்து நூலை விலக்கிக் கட்டி, அதே கனமுள்ள இன்னொரு துண்டால் ஒவ்வொரு நடுத்தூணையும் சரிபார்ப்பார்கள். துண்டு உரசாமல் நுழைய வேண்டும், நூல் அசையக் கூடாது.

அந்த நூலும் தொய்யத்தான் செய்கிறது. மீட்டருக்கு 1 கிராம் எடையுள்ள நைலான் நூலை 30 மீட்டருக்கு, 5 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக் கட்டினாலும் நடுவில் 2 செ.மீ.க்கு மேல் தாழும். எவ்வளவு இழுத்தாலும் தொய்வு குறையுமே தவிர ஒழியாது. ஆனால் புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டுமே இழுக்கிறது. காற்றில்லாத நேரத்தில் மேலிருந்து பார்த்தால் நூல் நேர்கோடுதான். எனவே வரிசைக்கு நூலை நம்பலாம். உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய ட்யூப்தான் சரி.

1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே நில அளவைக்கான சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்தபோதும் இந்தத் தொய்வைச் சமாளிக்க வேண்டியிருந்தது. சங்கிலி தொங்கினால் அதன் முனைகள் நெருங்கி, தூரம் கூடுதலாகக் கணக்காகும். அதனால் 100 அடி எஃகுச் சங்கிலியை முக்காலிகள்மேல் வைத்த மரப்பெட்டிகளில் கிடத்தி அளந்தார்.

வேலிக் கம்பியில் தொய்வின் கணக்கு இன்னும் வியப்பானது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 3 மீட்டர் இரும்புக் கம்பி 0.7 மி.மீ. நீளும். இழுவையே இல்லாமல் நேராக வைத்துக் கட்டிய கம்பி என்றால், இந்தச் சின்ன நீட்சி நடுவில் ஏறக்குறைய 3 செ.மீ. தொய்வாகிவிடும். கம்பியை முன்கூட்டியே விறைப்பாக இழுத்துக் கட்டுவது இதனால்தான். அந்த இழுவை நடுத்தூண்களில் இருபுறமும் சமமாகி அடங்கிவிடும். கோடித் தூணுக்கோ ஒரு பக்கம் மட்டும். அது சாய்ந்தால் எல்லாக் கம்பியும் தளரும். ஆழமான குழி, கூடுதல் கான்கிரீட், சாய்வாக ஒரு முட்டுத்தூண் எல்லாம் அதற்குத்தான் வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் வேறெங்கு வேண்டுமானாலும் பிடிக்கட்டும், கோடித் தூண்களில் மட்டும் வேண்டாம்.