கை எங்கே இருக்கிறது?

கண்களை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் தவறாமல் போய்ச் சேரும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு முனைகள், கை இருக்கும் நிலையை ஓயாமல் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1906இல் இவ்வுணர்வுக்கு ஒரு பெயரே சூட்டினார்.

பால்மரம் சீவியவர்களுக்கு இது புதிதல்ல. விடியுமுன், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைக் கண்ணைவிடக் கைதான் அறிந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் பார்வையற்றவர்களும் இந்த உணர்வைக் கொண்டுதான் பிழைக்கிறார்கள்.

பக்கவாதம் வந்தவருக்குக் கை விழுந்துவிட்டால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் பலம் திரும்பிய பிறகும் சிலருக்கு இந்த உணர்வு திரும்புவதில்லை. கோப்பையைப் பிடித்திருப்பார், பார்வையை வேறு பக்கம் திருப்பினால் நழுவ விடுவார். கை அடுப்பின் அருகே போனது தெரியாது. வீட்டில் உள்ளவர்களோ, “கைதான் நன்றாகிவிட்டதே, கவனம் எங்கே?” என்று கடிந்துகொள்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்!

இதைக் கண்டறிய மருத்துவர்கள் செய்யும் சோதனைகள் மிக எளியவை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மருத்துவர் அவருடைய விரலை மேலோ கீழோ மெல்ல அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்பார். விரலின் இரு பக்கவாட்டில்தான் பிடிப்பார். மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே விடையைச் சொல்லிவிடும், பரீட்சையில் பக்கத்துப் பையன் சொல்லிக்கொடுப்பது போல!

இன்னொன்று கட்டைவிரல் சோதனை. பலவீனமான கையை மருத்துவர் ஓரிடத்தில் தூக்கிப் பிடித்துக்கொள்வார். நல்ல கையால் அந்தக் கையின் கட்டைவிரலைப் பிடிக்க வேண்டும். உணர்வு சரியாக இருந்தால் நேரே போய்ப் பிடிப்பார். கொஞ்சம் குறைந்திருந்தால் தவறி, அருகில் தேடுவார். அதிகம் குறைந்திருந்தால் முழங்கையைத் தொட்டு, அதைப் பற்றிக்கொண்டே விரல் வரை ஊர்ந்து போவார். சிலருக்குக் கையே அகப்படாது. பேச்சு வராதவர்களையும் இப்படிச் சோதிக்கலாம்.

கனடாவில் இதையே இயந்திரக் கையைக்கொண்டு நுட்பமாக அளக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவில் பக்கவாதம் கண்டவர்களுக்கென்றே நாசாம் என்ற சங்கம் 1996 முதல் இயங்குகிறது. போகும்போது, “கை எங்கே இருக்கிறதென்று இவருக்குத் தெரிகிறதா, பாருங்கள்” என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன?

அதுவரை சுடுதண்ணீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேலையிலும் கையைப் பார்த்துக்கொண்டே செய்யப் பழக்குங்கள். எழுப்பி உட்காரவைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இரவில் அவர் தூங்கிய பிறகு, கை உடம்புக்கடியில் மடங்கிக் கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுங்கள்.