பற்றுமுன் அணையும் பெல்லட் கணப்பு

மரத்தூளை மிகுந்த அழுத்தத்தில் துளைத்தகட்டின் வழியே பிதுக்கிச் சிறு குச்சிகளாக்கி, அவற்றை எரித்து வீட்டைச் சூடேற்றும் பெல்லட் கணப்பு, குளிர்காலம் கடுமையாக இருக்கும் வட அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில், குறிப்பாக அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் இத்தாலியிலும், பரவலாகப் புழங்கும் சாதனமாகும். 1970களின் எண்ணெய் நெருக்கடி மர எரிபொருளின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பியிருந்த சூழலில், போயிங் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ஜெர்ரி விட்ஃபீல்டு 1980களின் தொடக்கத்தில் வீட்டில் வைக்கத்தக்க பெல்லட் கணப்பை உருவாக்கினார். விறகுக் கணப்பைப் போல ஊதியும் கிளறியும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இதில் இல்லை. பொத்தானை அழுத்தினால் எரிபொருளைத் தானே இட்டு, தானே பற்றவைத்து, காற்றையும் தானே இழுத்துக்கொள்ளும். இந்த வசதியோடு கூடவே வரும் தொல்லைதான், பொத்தானை அழுத்திய சில நிமிடங்களிலேயே கணப்பு தானாக நின்றுவிடுவது.

இப்படி நின்றவுடன், இயக்கத்தை நெறிப்படுத்தும் மின்சுற்றுப் பலகை கெட்டுவிட்டது என்றே பலரும் முடிவுகட்டி, விலையுயர்ந்த அந்தப் பலகையை முதலில் மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. பலகைக்குக் கண் இல்லை; நெருப்பு பற்றியதா, புகை வெளியேறுகிறதா என்பதை அது நேரில் பார்ப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர வேண்டிய சில மின்குறிப்புகளைக் கொண்டே ஊகிக்கிறது. குறித்த நேரத்துக்குள் ஒரு குறிப்பு வராவிட்டால் நெருப்பு இல்லை என்றே எடுத்துக்கொண்டு, எரிபொருள் வரத்தை நிறுத்திவிடும். ஆகவே கணப்பு எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைக் கவனித்துவிட்டால், வராத குறிப்பு எது என்பது பாதி தெரிந்துவிடும்.

தொடக்கத்தில் நிகழ்பவை இவை. முதலில், புகையை வெளியே தள்ளும் விசிறி சுழன்று, எரியறைக்குள் காற்றழுத்தத்தைச் சற்றே குறைக்கிறது. அந்த இழுவை போதுமா என்பதை வேக்குவம் சுவிட்ச் என்னும் சிறு கருவி உறுதிசெய்கிறது. பிறகு, ஹாப்பர் என்னும் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து, ஆகர் எனப்படும் திருகுத்தண்டு மெல்லச் சுழன்று பெல்லட்டுகளை எரிகிண்ணத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. கிண்ணத்தின் பின்புறமுள்ள இக்னைட்டர் என்னும் மின்தண்டு பழுக்கக் காய்ந்து, தன்மீது பாயும் காற்றைச் சூடாக்க, அந்தச் சூட்டில் பெல்லட்டுகள் புகைந்து சில நிமிடங்களில் பற்றிக்கொள்கின்றன. இறுதியாக, புகைப்பாதையில் பொருத்தப்பட்ட வெப்ப உணர்கருவி, சூடு ஏறிவிட்டது என்று பலகைக்குச் சொல்கிறது. இவ்வளவும் முடிய வகைக்கு ஏற்றபடி பத்து முதல் இருபது நிமிடம் வரை ஆகலாம்.

கணப்பு ஓரிரு நிமிடங்களுக்குள்ளேயே நின்றால், ஐயம் முதலில் இழுவையின் மேல் விழ வேண்டும். வேக்குவம் சுவிட்ச் அளக்கும் அழுத்த வேறுபாடு சில பத்து பாஸ்கல் அளவே; காற்றுமண்டலத்தின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல் என்பதை நினைத்தால், இது எவ்வளவு நுண்ணிய வேறுபாடு என்பது விளங்கும். அதனால்தான் சின்னச் சின்னக் கசிவும் அடைப்பும்கூட அதைக் கெடுத்துவிடுகின்றன. கதவோரத்துக் கயிறு போன்ற கேஸ்கெட் நைந்துபோனால் காற்று அந்த வழியே புகுந்து இழுவையைக் குறைத்துவிடும். அமெரிக்க வீடுகளில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: டாலர் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப்பார்ப்பார்கள், தாள் தடையின்றி வழுக்கி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் இறுக்கமாகப் படியவில்லை என்று பொருள். புகைவிசிறியின் இதழ்களிலும், எரியறையின் பின்தகடுகளுக்கு அப்பால் மறைந்திருக்கும் புகைப்பாதையிலும், வெளிக்குழாய் வளையும் இடத்திலும் நுண்சாம்பல் படிந்து அடைப்பதும் இதே விளைவைத் தரும். கண்ணாடிக் கதவைத் துடைத்து, சாம்பல் தட்டைக் காலிசெய்து, சுத்தம் செய்தாயிற்று என்று நினைப்பவர்களின் கணப்பிலும் இந்த மறைவிடங்கள் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமலே இருப்பதுண்டு.

இழுவை சரியாக இருந்தும் சுவிட்சுக்கு அது எட்டாமல் போவதும் உண்டு. எரியறையிலிருந்தோ புகைவழியிலிருந்தோ சுவிட்சுக்குச் செல்லும் மெல்லிய சிலிக்கோன் குழாய் வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம். பல நேரங்களில் அது தொடங்கும் சிறு உலோகமுனையில் சாம்பல் அடைத்திருக்கும். காகிதக் கவ்வி ஒன்றை நிமிர்த்திக் குத்தி எடுத்தாலே சரியாகிவிடக்கூடிய கோளாறு இது. ஆனால் குழாயை ஊதிச் சுத்தம் செய்வதென்றால் சுவிட்சின் பக்கத்தை முதலில் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு வாயால் ஊதும் அழுத்தத்துக்கே கிழிந்துவிடக்கூடும். வீட்டின் நிலையும் இதில் பங்கு வகிக்கிறது. சமையலறைப் புகைவிசிறி ஓடும்போது, இடுக்குகள் நன்றாக அடைக்கப்பட்ட வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கணப்பின் இழுவையோடு அது போட்டியிடும். வெளிக்காற்றுக் குழாயின் வாயைப் பனியோ பறவைக்கூடோ மூடியிருக்கலாம். காற்று வீசும் நாளில் மட்டும் கணப்பு நிற்கிறதென்றால், வெளிக்குழாயின் வாய் காற்றை எதிர்கொண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெல்லட்டே விழாத நிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொட்டி காலியாகி, ஆகர் குழாயும் வெறுமையாகிவிட்டால், புதிதாக நிரப்பிய பெல்லட்டுகள் கிண்ணத்தை எட்டுவதற்குள் பற்றவைப்பு நேரம் கடந்துவிடும். இரண்டாம் முறை இயக்கினால் பெரும்பாலும் பற்றிக்கொள்ளும். தொட்டியின் அடியில் சேரும் மரத்தூளும், நீளம் மிகுந்த பெல்லட்டும் ஆகரை இறுக்குவதுண்டு. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: பல வகைகளில் வேக்குவம் சுவிட்ச் ஆகர் மோட்டாரின் மின்வழியிலேயே இணைந்திருப்பதால், ஆகர் சுழலவில்லை என்பதாலேயே மோட்டார் எரிந்துவிட்டது என்றாகிவிடாது.

பெல்லட் விழுகிறது, குவிகிறது, ஆனால் பற்றவில்லை என்றால், கண் எரிகிண்ணத்தின் மேல் திரும்ப வேண்டும். பெல்லட்டில் கலந்திருக்கும் மணலும் மரப்பட்டையின் கனிமங்களும் அதிக வெப்பத்தில் உருகி, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகிய கிட்டமாகக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும். காற்றுத் துளைகளை அது மூடிவிட்டால், இக்னைட்டர் எவ்வளவு காய்ந்தாலும் அந்தச் சூடு பெல்லட்டை அடையாது. துளை ஒவ்வொன்றையும் கம்பியால் குத்தித் திறந்து, கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது இக்னைட்டரின் துளை கிண்ணத்தின் துளைக்கு நேராக அமர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். அரை விரல் விலகி அமர்ந்தாலும் சூடான காற்று பக்கவாட்டில் போய்விடும். இதன் பிறகும் பற்றாவிட்டால் இக்னைட்டரையே ஐயுறலாம். மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்தபின் மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளக்கலாம்: 300 வாட் திறனுள்ள தண்டு, 120 வோல்ட் வழங்கும் அமெரிக்காவில் 48 ஓம் அளவிலும், 230 வோல்ட் வழங்கும் ஐரோப்பாவில் 176 ஓம் அளவிலும் இருக்க வேண்டும், மீட்டர் எதையும் காட்டாவிட்டால் உள்கம்பி அறுந்துவிட்டது.

குழப்பம் மிகுந்தது கடைசிக் கட்டம்தான். கண்ணெதிரே தீ எரிந்துகொண்டிருக்க, பலகை மட்டும் தீ இல்லை என்று நிறுத்திவிடும். பல அமெரிக்க வகைகளில், ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் இணையும் ஈருலோக வில்லை ஒன்று தீ எரிகிறது என்பதற்கான சான்றைத் தருகிறது. ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் புகையின் வெப்பத்தையே தொடர்ந்து அளக்கும் உணர்முனையைப் பயன்படுத்துகின்றன. வில்லை தளர்ந்தோ, உணர்முனை சாம்பல் போர்த்தியோ இருந்தால் சூடு தெரியாமல் போகும். ஆனால் உணர்கருவி பொய் சொல்கிறது என்று தீர்மானிக்குமுன், தீ உண்மையிலேயே வலுவாக எரிந்ததா என்பதையும் கேட்க வேண்டும். ஐரோப்பாவின் இஎன்பிளஸ் தரம் பெல்லட்டின் ஈரப்பதத்துக்கு 10 விழுக்காடு வரம்பு விதித்திருக்கிறது; ஈரமான கொட்டகைத் தரையில் கிடந்து அதற்கு மேல் ஈரம் வாங்கிய பெல்லட், பற்றினாலும் சோம்பலாகவே எரியும்; நேரம் முடிவதற்குள் வேண்டிய சூடு ஏறாது.

கிண்ணத்தில் பெல்லட் விழுந்தும் பற்றாமல் நின்ற கணப்பை உடனே மறுபடி இயக்குவது ஆபத்தானது. முந்தைய முயற்சியில் விழுந்த பெல்லட்டோடு புதிதாக விழுவதும் சேர்ந்து கிண்ணம் நிரம்பிப் புகைய, எரியறையில் தேங்கிய அந்தப் புகை திடீரென்று தீப்பிடித்தால் கதவுக் கண்ணாடியே தெறிக்கக்கூடும். ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டே அடுத்த முயற்சியில் இறங்க வேண்டும்; எடுத்த சாம்பலில் கங்கு ஒளிந்திருக்கலாம் என்பதால், அதைச் சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சாமல் மூடியுள்ள உலோக வாளியில் இட வேண்டும். கோளாறு எங்கே என்று அறிய, பழுதுபார்ப்பவர்கள் வேக்குவம் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் நொடிப்பொழுது இணைத்துப் பார்ப்பதுண்டு. அந்தக் கம்பியை அப்படியே விட்டுவிட்டால் கணப்பு நிற்காமல் எரியும், ஆனால் புகைவழி அடைத்த நாளிலும் அது எரிந்துகொண்டேதான் இருக்கும். அப்போது அறைக்குள் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.