உஷார்! புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

செகண்ட் ஹேண்டில் டூரிங் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்பாதீர்கள். முதலில் பிரேமை நேரில் பாருங்கள். கியர், பிரேக், செயின், டயர் எது கெட்டாலும் மாற்றிவிடலாம். பிரேம் போனால் சைக்கிளே போச்சு. 20 கிலோ மூட்டையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேம் முறிந்தால் உயிருக்கே ஆபத்து.

பழைய சைக்கிளில் புதுப் பெயின்ட் மின்னினால் சந்தேகப்படுங்கள். நசுங்கிய இடத்தில் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கலாம். ஸ்டீல் பிரேம் என்றால் சின்னக் காந்தம் ஒன்றைக் குழாய் நெடுக நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்கிறதா? அடியில் பட்டி இருக்கலாம்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

ஹெட் டியூபை (ஹேண்டில்பார் தண்டு செல்லும் முன்பக்கக் குழாய்) ஒட்டிய கீழ்க்குழாய்: அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால், வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது. வாங்காதீர்கள்.

இணைப்புகள்: பெடல் அச்சைச் சுற்றியும், பின்சக்கரம் மாட்டும் இடத்திலும் அழுக்கைத் துடைத்து டார்ச் அடியுங்கள். மயிரிழைக் கோட்டில் துரு கசிந்தால் அது வெறும் கீறல் அல்ல, விரிசல்.

சீட் போஸ்ட்: உருவிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் அரித்து இறுகிவிடும். கடலோர உப்புக் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அசையாத போஸ்ட்டை எடுக்கப் போய்ப் பிரேமையே இழந்தவர்கள் உண்டு.

கோட்டம்: பின்சக்கரத்தைக் கழற்றி, அது மாட்டும் ஒரு பக்கத்திலிருந்து ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்கம் வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரேம் கோணிவிட்டது.

எந்தப் பிரேம்?

பழையதில் வாங்குவதென்றால் குரோமோலி ஸ்டீலைத் தேடுங்கள். அளவோடு வரும் அதிர்வை ஸ்டீல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். விரிசல் விட்டாலும் தேர்ந்த கைகள் பற்றவைத்துவிடும். அலுமினியத்துக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஆயுள் கணக்கில் ஏறும். அதை வெல்டிங் செய்தால், மறுபடி முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாமல் பழைய வலு வராது. கார்பன் வேண்டவே வேண்டாம்: உள்ளே பட்ட அடி வெளியே தெரியாது.

ரேஸ் சைக்கிளை டூரிங் என்று சொல்லித் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். கேரியர் மாட்டத் திருகுத் துளைகள் இருக்கின்றனவா? பெடல் அச்சிலிருந்து பின் அச்சுவரை சுமார் 430 முதல் 460 மில்லிமீட்டர் இருக்கிறதா? குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கலாம்.

கடைசியாக, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

“இன்னொருத்தர் வந்துகொண்டிருக்கிறார், உடனே முடிவு சொல்லுங்கள்” என்று விற்பவர் அவசரப்படுத்துகிறாரா? அந்த இன்னொருத்தருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.