சேவைப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகளுக்கு

குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர் பக்கம் 'அப்ரண்டிஸ்' என்றாலே கம்பெனிப் பயிற்சிதான் நினைவுக்கு வரும். பட்டதாரிகளுக்கு வேறொரு வகைப் பயிற்சியும் இருப்பது நம் மஹல்லாவில் பலருக்குத் தெரியாது. பாரத ஸ்டேட் வங்கி 2011-இல் தொடங்கிய 'யூத் ஃபார் இந்தியா' அவற்றில் ஒன்று. 21 முதல் 32 வயது வரையுள்ள பட்டதாரிகள், 13 மாதம் ஒரு கிராமத்தில் தங்கி, அங்குள்ள தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பணியை எடுத்துச் செய்ய வேண்டும். மாத உதவித்தொகை உண்டு. இரண்டாண்டு நடக்கும் காந்தி ஃபெல்லோஷிப்பும் இதே போன்றதுதான். இங்கே மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுப்பதில்லை. உங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதும் அதன்பின் நேர்காணலில் சொல்வதும் சேர்ந்தே முடிவாகிறது.

அந்த எழுத்தில்தான் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். "சிறு வயது முதலே சமூக சேவையில் ஆர்வம் உடையவன்" என்ற வரியை எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அதில் உங்கள் முகம் தெரியாது.

நம்மிடம் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. செய்த நன்மையைச் சொன்னால் ரியா ஆகிவிடுமோ என்று அஞ்சி, ரமளானில் நோன்புக் கஞ்சி விநியோகித்ததையும் கொரோனா காலத்தில் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்ததையும் எழுதாமல் விடுகிறார்கள். அந்த அச்சம் நல்லதே. ஆனால் நபி யூசுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் அதைக் காக்கக்கூடியவர், அறிந்தவர் என்பதையும் சொல்லியே கேட்டார்கள். பொறுப்பைக் கேட்பவர் தம் தகுதியைச் சொல்வது கணக்கு ஒப்படைப்பது போன்றது. பெருமையடிப்பது வேறு.

எப்படி எழுதுவது? 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் நம் சகோதரிகள் சிலர் தன்னார்வலர்களாக இருந்தார்கள். "ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி கற்பித்தேன்" என்று எழுதினால் ஒரு வரியோடு முடிந்துவிடும். மாறாக இப்படி எழுதலாம்: "மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 18 பிள்ளைகள் படித்தார்கள். மூன்றாம் வகுப்பில் ஐந்து பேருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. வீட்டில் உருது பேசுகிறவர்கள். அவர்கள் சொல்லும் உருதுச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுத வைத்தேன். நான்கு மாதத்தில் மூவர் வாசித்தார்கள். மற்ற இருவரின் பெற்றோர் வேலை தேடி பெங்களூரு போய்விட்டதால் அவர்களைத் தொடர முடியவில்லை." இதில் முடியாமல் போனதும் இருக்கிறது. அதை மறைக்காதீர்கள், நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். இது மாதிரிக்கு மட்டும். இந்த எண்களை அப்படியே எடுத்து எழுதினால் அது பொய்.

நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளிடம் ஒரு செல்வம் இருக்கிறது. வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கன்னடம். பணியிடம் ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ கிடைக்கலாம். அங்கே இந்தி தேவைப்படும், உருது அறிந்தவருக்கு அது எளிது. எந்த மொழியில் பேச முடியும், எதில் எழுத முடியும் என்று பிரித்து எழுதுங்கள்.

பெண் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். தேர்வான பிறகு "அத்தா விடமாட்டார்" என்று விலகினால், அந்த இடம் வேறொருவருக்கும் பயன்படாமல் போகலாம். பெற்றோரே, தங்குமிடம், உடன் இருப்போர் பற்றி நிறுவனத்திடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சான்றுக்குப் பெயர் தருவதானால், உங்கள் வேலையை நேரில் பார்த்த தலைமை ஆசிரியரோ என்.எஸ்.எஸ். அலுவலரோ நல்லது. என் பெயரைத் தர வேண்டாம்; நான் எல்லோரையும் நல்லவர் என்றே சொல்வேன் என்பது ஊருக்கே தெரியும்!

ஆதாரில் முகமது, மதிப்பெண் பட்டியலில் முஹம்மத், பட்டச் சான்றில் எம்.டி. என்று இருந்தால் இப்போதே திருத்த மனு கொடுங்கள். கடைசி வாரத்தில் இது முடியாது. விண்ணப்பத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தாருங்கள். பிரவுசிங் சென்டர்காரருடையது வேண்டாம்.

முதல் வரைவைத் தாளில் எழுதி, ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். தமிழில் இருந்தாலும் பரவாயில்லை, ஆங்கிலமாக்குவதைச் சேர்ந்து பார்க்கலாம்.