இரவல் கொடுக்கும் உரிமை

வீடியோ விளையாட்டில் மூழ்கியோரை விளையாட்டுப் பிள்ளைகள் என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் 2013-ஆம் ஆண்டு அவர்கள் எழுப்பிய குரல் நம் சிந்தனைக்குரியது.

அவ்வாண்டு மே 21 அன்று அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்னும் புதிய விளையாட்டுக் கருவியை அறிமுகம் செய்தது. விளையாட்டுகளைக் காணக் காத்திருந்தோர் தொலைக்காட்சியின் பெருமையையே அதிகம் கேட்டனர். அதைக்கூடப் பொறுத்திருப்பர். ஆனால், கருவி 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும், விளையாட்டுத் தகட்டைக் கைமாற்றவும் கட்டுப்பாடு உண்டு என்ற செய்தி வெளிவந்ததும் கொதித்தெழுந்தனர். விலை கொடுத்து வாங்கிய தகட்டைத் தோழனுக்கு இரவல் கொடுக்க நிறுவனத்தின் தயவு வேண்டுமா? வசதி குறைந்தோர் பழைய தகட்டை வாங்கி ஆடக் கூடாதா? கடற்படை வீரர் நடுக்கடலில் இணையத்துக்கு எங்கே போவார்? கேள்விகள் நியாயமானவை என்றே நமக்குப் படுகிறது. (வசைமொழிகளும் கலந்திருந்தன, அவற்றை நாம் ஏற்பதற்கில்லை.)

ஜூன் 10 அன்று போட்டியாளரான சோனி, தன் கருவியில் இத்தடைகள் இல்லையென்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அறிவித்தபோது அரங்கம் ஆரவாரித்தது. விலையும் 100 டாலர் குறைவு. ஜூன் 19 அன்று மைக்ரோசாப்ட் பணிந்து, இரு நிபந்தனைகளையும் விலக்கிக்கொண்டது.

எனினும், தகடு செருகும் இடமே இல்லாத வகை ஒன்றை அதே நிறுவனம் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் இரவல் கொடுக்கத் தகடே கிடையாது. அதையும் மக்கள் வாங்கினர்.