கொசு வளர்த்தால் ரூ.400 அபராதம்: குடத்துடன் காத்திருப்பவர்களிடமா?

புதுடெல்லி: அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. அந்த அதிகாரத்தைக் கொண்டு, 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. அதற்குள் அவ்வாண்டில் மாநிலத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டிருந்தனர். கொசு உற்பத்திக்கு இடமளிக்கும் நகர்ப்புற வீடுகளுக்கு ரூ.400, வர்த்தக நிறுவனங்களுக்கு ரூ.1,000, கட்டுமான இடங்களுக்கு ரூ.2,000 என அபராதமும் நிர்ணயிக்கப்பட்டது.

சாக்கடையைக் குறை கூறி வீட்டுக்காரர்கள் தப்பிக்க இயலாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் பெருகுகிறது, பகலில் கடிக்கிறது. முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும். நீரைக் கொட்டிய பிறகும், பாத்திரத்தில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். எனவே, டிரம்களையும் பூந்தொட்டித் தட்டுகளையும் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஆனால், பெங்களூருவின் பல பகுதிகளுக்குக் காவிரி நீர் தினமும் வருவதில்லை. 2024 கோடையில் கடும் தட்டுப்பாடும் நிலவியது. இந்நிலையில், நீரைச் சேமிப்பது குற்றமாகாது. சேமித்ததை மூடி வைப்பது மக்களின் கடமை. சேமிக்கும் தேவையையே குறைப்பது அரசின் கடமை. முன்னதற்கு அபராதம் உண்டு. பின்னதற்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.